வால் எங்கே தொங்க வேண்டும்? ஃபிரேசல் வெர்ப் கோளாறுகளும் கைவைத்தியமும்

எங்கள் அலுவலகத்திலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் மின்னஞ்சல்களில் பாதி என் கண்ணில் பட்டுவிட்டுத்தான் போகும். அது என் வேலை இல்லை. பல வருடங்களுக்கு முன் யாருக்கோ ஒரு வரி திருத்திக் கொடுத்தேன், அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. பார்த்த வரைக்கும் சொல்கிறேன்: நம் ஆட்கள் காலத்திலும் ஒருமை பன்மையிலும் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. புட் ஆஃப், லுக் ஆஃப்டர், ரன் அவுட் ஆஃப் என்று வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல் தொங்குகிறதே, அங்கேதான் வழுக்குகிறது.

பள்ளியில் இதற்கு ஃபிரேசல் வெர்ப் என்று பெயர் சொல்லி, ஐம்பது அறுபதை நெட்டுருப் போடச் சொல்லிவிட்டார்கள். ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மெக்கானிக் எடுத்தவுடன் இன்ஜினைப் பிரிக்க மாட்டார். பெட்ரோல் இருக்கிறதா, பிளக் கறுத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இங்கேயும் அப்படித்தான். உங்களுக்கு எந்தக் கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

பின்னால் தொங்கும் அந்தக் குட்டிச் சொல்லை இந்தக் கட்டுரை முழுக்க வால் என்றே சொல்லப் போகிறேன்.

கோளாறு 1: இரண்டு சொல்லும் தனித்தனியாகத் தெரியும், சேர்ந்து வந்தால் புரியாது

லுக் என்றால் பார். ஆஃப்டர் என்றால் பிறகு. 'லுக் ஆஃப்டர் தி சைல்ட்' என்றால் குழந்தையைப் பிறகு பார் என்றா அர்த்தம்? இல்லை, குழந்தையைப் பார்த்துக்கொள்.

இந்தக் கடைசிச் சொல்லைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். பார்த்துக்கொள். பார்ப்பதும் இல்லை, கொள்வதும் இல்லை. தமிழ் கற்கும் ஒரு வெளிநாட்டுக்காரர் அகராதியைப் புரட்டி இரண்டையும் தனித்தனியாகத் தேடினால் நம்மைப் போலவே தலையைச் சொறிவார். கண்டுபிடி என்பதில் காண்பதும் பிடிப்பதும் எங்கே? போட்டுக்கொடுத்தான் என்றால் எதைப் போட்டான், எதைக் கொடுத்தான்? வாங்கிக் கட்டிக்கொண்டான் என்றால் கடையில் வேட்டியா வாங்கினான்? நமக்கு இதில் ஒரு நொடிகூடத் தடங்கல் வருவதில்லை. சேர்ந்து நிற்கும்போது அது ஒரே சொல் என்பது நம் மண்டைக்குள் எப்போதோ ஏறிவிட்டது.

ஆகவே பழுது இங்கேதான்: நீங்கள் ஒரு சொல்லை இரண்டாக உடைத்துப் படிக்கிறீர்கள். உடைக்காமல், அதற்கு ஈடான தமிழ்க் கூட்டுச் சொல்லைப் பக்கத்தில் நிறுத்துங்கள். லுக் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். லுக் ஆஃப்டர், பார்த்துக்கொள். லுக் ஃபார்வர்ட் டு, எதிர்பார். அதுவும் ஆசையோடு எதிர்பார்ப்பது. லுக் டவுன் ஆன், இளக்காரமாகப் பார். லுக் அப் டு, மரியாதையோடு அண்ணாந்து பார். லுக் இன்டு, விசாரித்துப் பார். லுக் ஃபார், தேடிப் பார். ரோட்டைக் கடக்கும்போது பின்னாலிருந்து 'லுக் அவுட்!' என்று ஒருவர் கத்தினால், அது நம் அம்மா தினமும் வாசலில் நின்று சொல்லும் 'பாத்து!' தான். எனக்கு இந்த ஜோடி மிகவும் பிடிக்கும். இரண்டு மொழியும் ஒருவரை ஒருவர் பார்த்துக் காப்பியடித்ததுபோல இருக்கும்.

புட் ஆஃப், தள்ளிப்போடு. கிவ் அப், விட்டுவிடு. பேக் அவுட், கழன்றுகொள். டெல் ஆன், போட்டுக்கொடு. மெஸ் அப், சொதப்பிவிடு. வால்களுக்கும் ஓரளவு தனிக்குணம் உண்டு. ஈட் அப், ட்ரிங்க் அப், யூஸ் அப் என்று வரும் 'அப்', வேலையை முடித்துவிடுகிறது: சாப்பிட்டுவிடு, குடித்துவிடு, தீர்த்துவிடு. நம் 'விடு' செய்யும் அதே வேலை. கேரி ஆன், கோ ஆன், கீப் ஆன் எல்லாவற்றிலும் 'ஆன்' என்பது 'கொண்டே இரு'. ஹேங் அரவுண்ட், ஃபூல் அரவுண்ட் என்பவற்றில் 'அரவுண்ட்' என்பது சும்மா சுற்றித் திரிவது. இது சட்டமில்லை, மோப்பம். பத்துக்கு ஏழெட்டு இடத்தில் மோப்பம் சரியாகப் போகும், மீதி இடத்தில் மாட்டிவிடும். 'வந்து தொலை' என்பதில் இருக்கும் அந்தச் சலிப்புக்கு மட்டும் ஆங்கிலத்தில் ஒரு வால் இல்லை. அந்த விஷயத்தில் நாம் ஒரு படி மேலே.

மனம் தளர்ந்தவர்களுக்கு ஒரு தகவல். இந்தச் சேர்க்கைதான் வெளிநாட்டாருக்குப் பெரிய சிரமம் தருகிறது என்று சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே எழுதிவைத்துவிட்டார். ஃபிரேசல் வெர்ப் என்று இன்று நாம் சொல்லும் பெயர் லோகன் பியர்சல் ஸ்மித் 1925-இல் வெளியிட்ட புத்தகத்தில் வருகிறது; அந்தப் பெயரை அவருக்கு எடுத்துக்கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி. பெயர் பிந்தி வந்தது, தலைவலி முந்தியே இருந்திருக்கிறது.

கோளாறு 2: 'புட் ஆஃப் இட்' என்று எழுதினால் சிவப்புக் கோடு விழுகிறது

எனக்கு வரும் மின்னஞ்சல்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

'டர்ன் ஆஃப் தி ஃபேன்' சரி. 'டர்ன் தி ஃபேன் ஆஃப்' என்பதும் சரி. ஃபேனுக்குப் பதில் 'இட்' போட்டால் மட்டும் விளையாட்டு மாறுகிறது. 'டர்ன் இட் ஆஃப்' ஒன்றுதான் சரி. 'டர்ன் ஆஃப் இட்' தப்பு. இட், ஹிம், ஹெர், தெம், மீ, அஸ் போன்ற குட்டிச் சொற்கள் நடுவில்தான் உட்காரும். வால் கடைசிக்குப் போய்விடும்.

ஆனால் 'லுக் ஆஃப்டர் இட்' சரி, 'லுக் இட் ஆஃப்டர்' தப்பு. அப்படியானால் எந்த வால் நகரும், எந்த வால் நகராது?

சோதனை ஒன்று இருக்கிறது, எளிமையானது. ஃபேனை டர்ன் ஆஃப் செய்தபின் ஃபேன் என்ன ஆகிறது? ஆஃப் ஆகிறது. 'தி ஃபேன் இஸ் ஆஃப்' என்று சொல்லலாம். சட்டையை டேக் ஆஃப் செய்தால் சட்டை ஆஃப். குப்பையை டேக் அவுட் செய்தால் குப்பை அவுட். கடன் வாங்கியதை கிவ் பேக் செய்தால் பணம் பேக். வாலின் குணம் அந்தப் பொருள்மீது ஏறுகிறது என்றால் அந்த வால் நகரும். 'இட்' நடுவில் போகலாம். இப்போது 'லுக் ஃபார் தி கீ' என்று பாருங்கள். சாவியைத் தேடியபின் சாவி 'ஃபார்' ஆகிவிட்டதா? இல்லை. அந்த வால் நகராது: 'லுக் ஃபார் இட்'. 'கெட் ஆஃப் தி பஸ்' இன்னும் நல்ல உதாரணம். பஸ் ஆஃப் ஆகவில்லை, நாம்தான் பஸ்ஸைவிட்டு இறங்குகிறோம். எனவே 'கெட் ஆஃப் இட்'. அதே ஆஃப், ஃபேனில் நகர்கிறது, பஸ்ஸில் நகரவில்லை.

கையில் பிடிக்க முடியாத காரியங்களில் இந்தச் சோதனை மங்கலாகிவிடும். கிவ் அப், மேக் அப், பிரிங் அப் எல்லாம் நகரும், ஆனால் ஏன் என்று பொருளை வைத்துச் சொல்ல முடியாது. அங்கே வாலின் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். அப், டவுன், அவுட், ஆஃப், அவே, பேக் என்பவை பெரும்பாலும் நகரும் ஜாதி. ஃபார், அட், ஆஃப்டர், இன்டு, வித் ஆகியவை ஒட்டிப் பிறந்தவை. சந்தேகம் தீரவில்லை என்றால் கற்போருக்கான ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைத் திறந்து பாருங்கள்; நகரும் வாலுக்கு முன்னால் இருபக்கமும் முனை வைத்த ஓர் அம்புக்குறி போட்டிருப்பார்கள். அந்த அம்பைக் கவனிக்காமலே பல வருடம் அந்த அகராதியைப் புரட்டியவள் நான்.

இன்னும் ஒன்று. நடுவில் உட்காருவது குட்டியாக இருக்க வேண்டும். 'டர்ன் தி ஃபேன் தட் யூ பாட் லாஸ்ட் வீக் ஃபார் தி பேக் ரூம் ஆஃப்' என்று ஒருவர் எழுதியிருந்தார். இலக்கணப்படி பெரிய குற்றமில்லை, ஆனால் அந்த 'ஆஃப்' வருவதற்குள் படிப்பவர் ஃபேனையே மறந்துவிடுவார். நீளமான பொருள் என்றால் வாலை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

ஒருவருக்கு ஒன்றைத் தருவதிலும் இதே குழப்பம். 'ஐ ஹேண்டட் ஓவர் ஹிம் தி கீ' என்று எழுதுகிறார்கள். சாவி நடுவில், ஆள் கடைசியில், முன்னால் ஒரு டு: 'ஐ ஹேண்டட் தி கீ ஓவர் டு ஹிம்'.

கோளாறு 3: 'ஆஃப் தி ஃபேன்', 'ஐ பேக்கப்டு தி ஃபைல்'

இதற்குப் பெயர் 'பண்ணு' நோய். தமிழில் பேசும்போது ஃபேனை ஆஃப் பண்ணு, லைட்டை ஆன் பண்ணு, ஃபைலை பேக்கப் பண்ணு, நாலு பேரை பிக்கப் பண்ணு என்கிறோம். வினைச்சொல்லின் வேலையைப் பண்ணு பார்த்துக்கொள்கிறது. அதே வாக்கியத்தை ஆங்கிலத்துக்கு எடுத்துப்போகும்போது பண்ணு வாசலிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே போவது வால் மட்டும்: 'ஆஃப் தி ஃபேன்'. தலையில்லாத வால்.

மருந்து: பண்ணு நின்ற இடத்தில் ஓர் ஆங்கில வினையை வையுங்கள். ஃபேனுக்கும் லைட்டுக்கும் டர்ன் அல்லது ஸ்விட்ச்.

பேக்கப், பிக்கப், செட்டப், லாகின் இவற்றில் நோய் வேறு மாதிரி. இவை தமிழுக்குள் பெயர்ச்சொல்லாக வந்து குடியேறிவிட்டன. போலீஸ் ஸ்டேஷனில் லாக்கப், ஆஸ்பத்திரியில் செக்கப், ஷூட்டிங் முடிந்தால் பேக்கப். அப்படி ஒட்டிப் பழகியதால், நேற்று நடந்ததைச் சொல்லும்போது வாலின் நுனியில் கொண்டுபோய் இறந்தகாலத்தை ஒட்டுகிறோம். பேக்கப்டு, லாகின்டு. இறந்தகாலம் தலையில்தான் ஏறும், வாலில் ஏறாது. 'ஐ பேக்ட் அப் தி ஃபைல்', 'ஐ லாக்ட் இன்'. எழுதும்போதும் பெயராக இருந்தால் ஒரே சொல், வினையாக இருந்தால் நடுவில் இடைவெளி. உச்சரிப்பிலும் வித்தியாசம் உண்டு: பெயராக வரும்போது அழுத்தம் முன்பாதியில், வினையாக வரும்போது வாலில்.

கோளாறு 4: வேண்டாத இடத்தில் வால், வேண்டிய இடத்தில் இல்லை

'லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் தி பட்ஜெட்.' டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' இருக்கிறது. பட்ஜெட்டைப் பற்றிப் பேசுவோம் என்று தமிழில் நினைத்ததால் அந்தப் 'பற்றி' வெளியே எட்டிப் பார்க்கிறது. டாக் என்றால் அபவுட் வேண்டும், டிஸ்கஸ் என்றால் வேண்டாம். ரிட்டர்ன் பேக், ரிபீட் அகைன் எல்லாம் இந்த ரகம். நடுசென்டர் என்று சொல்வதுபோல. 'கோப் அப் வித்' என்பது கீப் அப் வித், புட் அப் வித் இரண்டையும் கேட்டுப் பழகிய காதில் விளைந்த பயிர். கோப் வித், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கம்தான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. 'ஐ க்ரூ இன் மதுரை' என்று ஒரு பையன் தன் அறிமுகத்தில் எழுதியிருந்தான். வாழைமரம் எழுதிய அறிமுகம்போல இருந்தது. செடி, முடி, தாடி எல்லாம் க்ரோ ஆகும். மனிதர் வளர்ந்து ஆளாவது க்ரோ அப். 'ஐ க்ரூ அப் இன் மதுரை.' ஃபோனை எடுக்கவில்லை என்பதற்கு 'ஹி இஸ் நாட் பிக்கிங்' என்கிறோம். பிக் என்பது பூ பறிப்பது, பொறுக்கி எடுப்பது. ஃபோனுக்கு பிக்கிங் அப்.

கண்டுபிடி என்ற நம் சொல் இன்னொரு பள்ளம் வைத்திருக்கிறது. சாவியைக் கண்டுபிடித்தேன், உண்மையைக் கண்டுபிடித்தேன், இரண்டுக்கும் நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் தொலைந்த பொருள் கிடைப்பது ஃபைண்ட். தெரியாத விஷயம் தெரியவருவது ஃபைண்ட் அவுட். 'ஐ ஃபவுண்ட் அவுட் மை கீ' என்றால் சாவி ஏதோ ரகசியமாகத் தப்புச் செய்து மாட்டிக்கொண்டதுபோல் கேட்கும்.

கோளாறு 5: 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ'

இதைத் திருத்தித் திருத்திக் கை ஓய்ந்துவிட்டது. டு வந்தால் பின்னால் வெறும் வினை என்று பள்ளியில் படித்தது உண்மைதான்: வான்ட் டு மீட், ட்ரை டு மீட். ஆனால் லுக் ஃபார்வர்ட் டு என்பதில் இருக்கும் டு அந்த டு இல்லை. இது வால்.

பிரித்தறிய ஒரு வழி: டு முடிந்ததும் வினையை எடுத்துவிட்டு 'இட்' போட்டுப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்' நிற்கிறது. 'ஐ வான்ட் டு இட்' கவிழ்கிறது. நின்றால் அது வால், பின்னால் வரும் வினை இங் போட்டுக்கொள்ள வேண்டும்: லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ. ஒன்றுக்குப் பழகிவிட்டேன் என்பதைச் சொல்லும் 'ஐ ஆம் யூஸ்ட் டு' என்பதும் அப்படியே: 'ஐ ஆம் யூஸ்ட் டு டிரைவிங் அட் நைட்'. வேறு வால்களுக்குப் பின்னாலும் வினை வந்தால் பெரும்பாலும் இங்தான். கிவ் அப் ஸ்மோக்கிங், புட் ஆஃப் கோயிங், கேரி ஆன் ஒர்க்கிங்.

கோளாறு 6: ஒரே சொல், ஒவ்வொரு தடவையும் வேறு அர்த்தம்

லைட் கோஸ் ஆஃப் என்றால் லைட் அணைகிறது. அலாரம் கோஸ் ஆஃப் என்றால் அலாரம் அடிக்கிறது. ஒன்றில் அடங்குவது, இன்னொன்றில் அலறுவது. வெடிகுண்டு கோஸ் ஆஃப் என்றால் வெடிக்கிறது. பிரிட்டிஷ்காரர் பால் கோஸ் ஆஃப் என்றால் பால் கெட்டுப்போயிற்று.

எரிச்சல் வரும்போது நம் 'அடி'யை நினைத்துக்கொள்ளுங்கள். மணி அடிக்கிறது, வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, டீ மாஸ்டர் டீ அடிக்கிறார், பரீட்சையில் காப்பி அடிக்கிறான், சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள், ஒருவன் தண்ணி அடிக்கிறான், வேறொருவன் சைட் அடிக்கிறான். யாருக்கும் அடி விழவில்லை. நாம் அடி என்ற சொல்லைப் பார்ப்பதே இல்லை. கூட நிற்பது வெயிலா, வெள்ளையா, தண்ணியா என்றுதான் பார்க்கிறோம். ஆங்கிலத்திலும் கண்ணை அங்கே திருப்புங்கள். கூட நிற்பது அலாரமா, பாலா? பிளேன் டேக்ஸ் ஆஃப் என்றால் கிளம்புகிறது, சட்டையை டேக் ஆஃப் செய்தால் கழற்றுவது. வண்டி பிரேக்ஸ் டவுன் என்றால் நடுரோட்டில் நிற்கிறது, மனிதர் பிரேக்ஸ் டவுன் என்றால் உடைந்து அழுகிறார். பலூனை ப்ளோ அப் செய்தால் ஊதுவது, பாலத்தை ப்ளோ அப் செய்தால் தகர்ப்பது, போட்டோவை ப்ளோ அப் செய்தால் பெரிதாக்குவது.

கிரிக்கெட் வீடுகளில் ரன் அவுட் என்றதும் ஸ்டம்ப் ஞாபகம் வரும். பின்னால் ஓர் 'ஆஃப்' சேர்ந்து 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்' என்று வந்தால் பால் தீர்ந்துவிட்டது, கடைக்குப் போக வேண்டும். இந்த ஆஃப், ஃபேனை நிறுத்தும் ஆஃப் இல்லை, இதற்கு ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று குறைவு. தமிழில் எழுதினால்தான் இரட்டைப் பிள்ளைகள்போலத் தெரிகின்றன.

கோளாறு 7: எல்லாம் சரியாகச் சொன்னேன், எதிராளி திடுக்கிட்டார்

ஒரு வீடியோ காலில் அமெரிக்கர் ஒருவரிடம் என்னை அறிமுகம் செய்துகொண்டபோது, எந்த வருடம் காலேஜில் பாஸ்டு அவுட் ஆனேன் என்று சொன்னேன். இரண்டு நொடி அமைதி. அப்புறம் ரொம்பக் கனிவாக, இப்போது உடம்பு பரவாயில்லையா என்று கேட்டார். பாஸ் அவுட் என்றால் அவருக்கு மயங்கி விழுவது. நமக்குப் படிப்பு முடிப்பது. நம் வழக்கு வானத்திலிருந்து குதித்ததில்லை. பிரிட்டிஷ் ராணுவத்தில் பயிற்சி முடித்து வெளியேறுவதற்கு அந்தச் சொல் உண்டு. சென்னை பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் இன்றும் பாசிங் அவுட் பரேடு நடக்கிறது. ஆகவே இதைத் தப்பென்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லை தாண்டினால் மட்டும் 'கிராஜுவேட்டட்' என்று மாற்றிக்கொள்கிறேன்.

அரசு அலுவலகங்களில் ஃபைலை மேலதிகாரிக்கு அனுப்புவதைப் புட் அப் என்பார்கள். நம்மூர் ஆங்கிலத்தில் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்பதற்கும் 'வேர் ஆர் யூ புட் அப்?'. இரண்டும் இங்கே செல்லும். ஃபார்ம் நிரப்புவது நமக்கு ஃபில் அப், பிரிட்டிஷாருக்கு ஃபில் இன், அமெரிக்கருக்கு ஃபில் அவுட். டேங்க்கில் பெட்ரோல் நிரப்புவது மட்டும் எல்லாருக்கும் ஃபில் அப். வாஷ் அப் என்றால் பிரிட்டனில் பாத்திரம் கழுவுவது, அமெரிக்காவில் கை முகம் கழுவுவது. விருந்துக்குப் போன வீட்டில் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் சிங்க் முன்னால் நிற்க வேண்டிவரும். நாக் அப் என்பது பழைய பிரிட்டிஷ் வழக்கில் கதவைத் தட்டி எழுப்புவது, அமெரிக்காவில் ஒரு பெண்ணைக் கர்ப்பமாக்குவது. வேக் அப் என்று ஒன்று இருக்கிறது, அதையே சொல்லுங்கள்.

கோளாறு 8: படித்தால் புரிகிறது, காதில் விழுந்தால் புரியவில்லை

வால்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: அப், ஆஃப், அவுட், ஆன், இன், அவே, ஓவர். எல்லாம் உயிரெழுத்தில் தொடங்குகின்றன. தலைகளைப் பாருங்கள்: புட், கெட், பிக், செக், டர்ன், கம். உச்சரிப்பில் எல்லாம் மெய்யில் முடிகின்றன. மெய்யை அடுத்து உயிர் வந்தால் என்ன ஆகும்? 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே.' நன்னூலில் படித்ததுதான்.

அதனால் டர்ன் இட் ஆஃப் என்பது வாயில் டர்னிடாஃப் ஆகிறது. செக் இட் அவுட், செக்கிடவுட். அமெரிக்கர் வாயில் நடுவில் வரும் ட்டும் மெலிந்து புட் இட் ஆஃப் என்பது புடிடாஃப் என்று விழுகிறது. நாம் மூன்று சொல்லுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறோம், வருவது ஒன்றுதான். கல் + எறிந்தான் கல்லெறிந்தான் ஆவதுபோலத்தான் பிக் + அப் நம்மிடம் பிக்கப் ஆனது, செட் + அப் செட்டப் ஆனது. தனிக்குறில் முன் ஒற்று, உயிர் வந்தால் இரட்டும். யாரும் சொல்லித்தராமலே ஆட்டோ டிரைவர்வரை எல்லாரும் புணர்ச்சி விதிப்படி ஆங்கிலம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மருந்து: சேர்த்தே சொல்லிப் பழகுங்கள். வாய்க்குப் பழகியது காதுக்குத் தானாகப் பிடிபடும். இட் நடுவில் வைத்துப் பத்து ஜோடியை டர்னிடாஃப், பிக்கிடப், புடிடான் என்று சத்தமாகச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது கேட்டால் சுலோகம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கோளாறு 9: பேச்சு செய்தித்தாள்போல இருக்கிறது

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்று செய்தியில் வரும். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, தள்ளிப் போச்சு என்போம். போஸ்ட்போன், ஒத்திவை, புட் ஆஃப், தள்ளிப்போடு. டாலரேட், சகித்துக்கொள், புட் அப் வித், பொறுத்துப்போ. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரண்மனைக்கும் நீதிமன்றத்துக்கும் பிரெஞ்சு வழியாகச் சொற்கள் வந்து உட்கார்ந்தன. அடுப்படியிலும் வயலிலும் புட், கெட், கம் என்ற பழைய குட்டிச் சொற்களே வால்களோடு ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பாகுபாட்டின் வாசனை இன்றும் இருக்கிறது. பேச்சுக்கும் நண்பருக்கு எழுதவும் வால் உள்ளது, ஒப்பந்தத்துக்கும் விண்ணப்பத்துக்கும் வால் இல்லாதது. ஆனால் டேக் ஆஃப், செட் அப், கேரி அவுட் போன்றவை எந்தச் சபையிலும் உட்காரும்.

கோளாறு 10: படித்தது எல்லாம் மறந்துவிடுகிறது

கெட் என்று தலைப்பிட்டு இருபத்தைந்து வால்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் மறக்காமல் என்ன செய்யும்? அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். ஒவ்வொன்றையும் 'இட்' சேர்த்து ஒரு வரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: புட் இட் ஆஃப். லுக் ஆஃப்டர் இட். ரன் அவுட் ஆஃப் இட். கிவ் இட் பேக். அர்த்தத்தோடு சேர்ந்து வால் நகருமா நகராதா என்பதும் அந்த ஒரு வரியிலேயே பதிந்துவிடும். பக்கத்தில் ஒரு தமிழ்க் கூட்டுச் சொல். ஒரு நாளைக்கு இரண்டு போதும், அதுவும் அன்று உங்கள் காதில் விழுந்தவையாக இருக்கட்டும்.

பழுது பார்த்த ஒரு மின்னஞ்சல்

போன மாதம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் அனுப்பும்முன் காட்டியது இது:

'ஐ பேக்கப்டு தி ஃபைல்ஸ் எஸ்டர்டே. பிஃபோர் தி ஃப்ரைடே மீட்டிங் வீ நீட் டு டிஸ்கஸ் அபவுட் தி டிசைன். இஃப் யூ ஆர் பிஸி, வீ கேன் புட் ஆஃப் இட். ப்ளீஸ் ஃபில் அப் தி அட்டாச்டு ஃபார்ம். லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ.'

ஐந்து வரி, ஐந்து கோளாறு. மூன்றாவது கோளாறு: பேக்ட் அப். நான்காவது: டிஸ்கஸ் தி டிசைன். இரண்டாவது: புட் இட் ஆஃப். ஏழாவது: மின்னஞ்சலைப் பெறுபவர் லண்டன்காரர், அதனால் ஃபில் இன். ஐந்தாவது: டு மீட்டிங் யூ. ஐந்து நிமிடத்தில் திருத்தி அனுப்பினான்.

மறுநாள் காலை பதில் வந்தது. ஃபார்ம் இணைத்திருந்தார்கள். கூடவே, வெள்ளிக்கிழமை மீட்டிங்கை ரத்து செய்ய வேண்டியிருக்கிறது என்பதை 'வீ ஹாவ் டு கால் இட் ஆஃப்' என்று ஒரு வரி. இட் நடுவில், வால் கடைசியில், அம்சமாக இருந்தது. நான் ரசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் நோட்டும் பேனாவுமாக ஓடி வந்தான்.

'அக்கா, கால் பண்றேன்னு சொல்லியிருக்காங்க. நம்ம டைம் எத்தனை மணிக்கு வரும்?'

'உட்காருப்பா. முதல் கோளாறிலிருந்து ஆரம்பிப்போம்.'